ஏழைகளுக்கு வரிக் கணக்கு எழுதித் தரும் வணிக மாணவர்கள்: நார்த்ரிட்ஜில் தொடங்கிய வீட்டா

அமெரிக்காவில் வரிக் கணக்கு என்பது வசதியானவர்களின் தலைவலி மட்டும் இல்லை. ஓட்டலில் அறை சுத்தம் செய்பவர், கிடங்கில் பெட்டி அடுக்குபவர், முதியவர்களை வீட்டில் இருந்து கவனித்துக்கொள்பவர் என்று வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கும் குடும்பங்களுக்குத்தான் அது இன்னும் முக்கியம். அந்த நாட்டில் உழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் பெரிய பண உதவிகளில் இரண்டு வரிக் கணக்கின் வழியாகவே வருகின்றன. ஒன்று 1975-இல் வந்த ஈஐடிசி. குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கான சலுகை அது. இன்னொன்று குழந்தைகளுக்கான வரிச் சலுகை. கட்டவேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் இவை ரீஃபண்டாகக் கைக்கு வரும். ஆனால் கணக்கைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். செய்யாதவருக்கு ஒரு காசும் வராது. ஈஐடிசி பெறத் தகுதி உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதைக் கேட்பதே இல்லை என்று அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

கேட்பவர்களில் பலர் காசு கொடுத்து எழுதிக்கொள்கிறார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவரைப் போல அங்கே ஜனவரி பிறந்ததும் கடைவீதிகளில் வரிக் கடைகள் முளைக்கும். கட்டணம் சில நூறு டாலர் வரை போகும். கையில் பணம் இல்லையென்றால் வரப்போகும் ரீஃபண்டிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். 2012 வாக்கில் வங்கிகள் விலகும் வரைக்கும், ரீஃபண்டைக் காட்டி அதிக வட்டிக்கு முன்கூட்டியே கடன் கொடுக்கும் வியாபாரமும் கொடிகட்டிப் பறந்தது.

இப்படிக் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருபவருக்கு நாடு முழுவதற்குமான தகுதித் தேர்வு எதுவும் கிடையாது. ஐஆர்எஸ் 2011-இல் அப்படி ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தது. அந்த அதிகாரம் உனக்குச் சட்டத்தில் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014-இல் அதையே உறுதி செய்தது. கலிபோர்னியா, ஒரிகன் போன்ற சில மாநிலங்கள்தான் தங்கள் அளவில் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அதே 2014-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, தன் ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளர்களாக 19 வரிக் கடைகளுக்கு அனுப்பிப் பார்த்தது. 17 இடங்களில் ரீஃபண்ட் தொகை தப்பாக வந்தது.

வரிச் சட்டத்தைப் பாடமாகப் படிக்கும் வணிகக் கல்லூரி மாணவர்கள் இந்த இடத்தில்தான், வீட்டா என்ற இலவச வரி உதவித் திட்டத்தின் வழியாக, உள்ளே வருகிறார்கள். வகுப்பறையில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது எப்படி ஊருக்கு உதவும் தொழிலாகிறது, அதற்கு என்னென்ன தேவைப்படுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. ஒரு தனி நாயகனின் வெற்றிக்கதையாக இது இல்லாததே இதன் சிறப்பு. ஆண்டுதோறும் மாணவர்கள் மாறுகிறார்கள், ஏற்பாடு மட்டும் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

1971, சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வடக்கே மலைகளுக்கு நடுவே கிடக்கும் பெரிய குடியிருப்புப் பகுதி சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு. அங்கே நார்த்ரிட்ஜில் இருக்கும் அரசுக் கல்லூரியில் 1971-இல் கேரி இஸ்கோவிட்ஸ் என்ற ஆசிரியர், தன் மாணவர்களை வைத்து, கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாக வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினார். அந்தக் கல்லூரி அப்போது சான் ஃபெர்னாண்டோ வேலி ஸ்டேட் காலேஜ். அடுத்த ஆண்டுதான் கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி, நார்த்ரிட்ஜ் என்று பெயர் மாறியது. தொடங்கிய திட்டத்தின் பெயர் வாலண்டியர் இன்கம் டாக்ஸ் அசிஸ்டன்ஸ். சுருக்கமாக வீட்டா.

அந்த யோசனையை ஐஆர்எஸ் நாடு முழுக்கக் கொண்டுபோனது. இன்று நூலகங்கள், தேவாலயங்கள், சமூகக் கூடங்கள், கல்லூரிகள் என்று ஆயிரக்கணக்கான இடங்களில் வீட்டா மேசைகள் போடப்படுகின்றன. பயிற்சியும் மென்பொருளும் ஐஆர்எஸ் இலவசமாகத் தருகிறது. இடம், ஆள், ஒருங்கிணைப்பு எல்லாம் உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. 2007-இன் இறுதியில் நாடாளுமன்றம் இதற்கென்று மானியம் ஒதுக்கத் தொடங்கியது. 2019-இல் வந்த சட்டம் அந்த மானியத்தை நிரந்தரமாக்கியது. அண்மை ஆண்டுகளில், ஆண்டு வருமானம் சுமார் 67,000 டாலருக்குள் இருப்பவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கும் என்று இதன் எல்லையை வகுத்திருக்கிறார்கள்.

நார்த்ரிட்ஜில் அந்த மேசை இன்னமும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் நஸேரியன் வணிகக் கல்லூரியில் உள்ள புக்ஸ்டீன் வரிக்கல்வி மையம் அதை நடத்துகிறது. ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் அது. அங்கே படிக்கும் மாணவர்களில் பலரும் அதே தெருக்களிலிருந்து, அதே மாதிரி வீடுகளிலிருந்து வருபவர்கள்தான்.

மேசையில் உட்காரும் முன்

நல்ல மனசு இருக்கிறது என்பதற்காக யாரையும் நேரே மேசையில் உட்கார வைப்பதில்லை. முதலில் நடத்தை விதிகளுக்கான தேர்வு. அதில் உள்ளவை சாதாரணமாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றும் எங்கோ நடந்த தப்பிலிருந்து வந்தவை என்பது வாசித்தால் தெரிந்துவிடும். பணம் வாங்கக் கூடாது. நன்கொடை கேட்கக் கூடாது. அடுத்தவர் ரீஃபண்டைத் தன் வங்கிக் கணக்கில் போடச் சொல்லக் கூடாது. வந்தவரைத் தன் தொழிலுக்கு வாடிக்கையாளராக இழுக்கக் கூடாது. பொய் என்று தெரிந்து எதையும் எழுதக் கூடாது. வருகிறவர் யாராக இருந்தாலும் மரியாதையாக நடத்த வேண்டும்.

அப்புறம் வரிச் சட்டத்துக்கான தேர்வு. அடிப்படை நிலை, மேல் நிலை என்று படிகள் உண்டு. 80 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், ஏனென்றால் மேசையிலும் புத்தகத்தைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஐஆர்எஸ்ஸின் 4012 என்ற கையேடு ஒவ்வொரு மேசையிலும் கிடக்கும். மனப்பாடமாகத் தெரியும் என்று நினைப்பவனைவிட, பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவனே நல்ல தொண்டன் என்று இந்த ஏற்பாடு நம்புகிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. சட்டம் ஆண்டுக்காண்டு மாறுவதால் போன வருடம் தேறியவரும் இந்த வருடம் மறுபடி எழுதியாக வேண்டும்.

வரி எழுதுவது மட்டுமே வேலை என்றும் இல்லை. வாசலில் வருகிறவர்களை வரவேற்று, எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துச் சொல்ல ஒருவர். மொழிபெயர்க்க ஒருவர். கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். எழுதியதைச் சரிபார்க்க ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலே, மேசைகள் போடப்படும் அந்த இடத்தை, அதாவது தளத்தை, நடத்தும் ஒருங்கிணைப்பாளர். வரிப் பாடத்தில் சுமாராக இருந்தாலும் பாட்டிமாரிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்த மாணவிக்கும், வீட்டில் பேசும் ஸ்பானிஷும் அர்மீனியனும் கைவசம் இருப்பவனுக்கும் இங்கே அசலான இடம் உண்டு.

ஒரு கணக்கைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மனிதர் கற்பனை, எண்கள் 2024-ஆம் ஆண்டுக்கான விதிகளின்படி. ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் ஓர் அம்மா. ஆண்டுச் சம்பளம் 24,000 டாலர். இரண்டு பிள்ளைகள், இருவருமே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் முதலாளி கொடுத்த, ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவம், மூவருடைய அரசு எண் கொண்ட சோஷியல் செக்யூரிட்டி அட்டைகள், தன் அடையாள அட்டை.

முதலில் அவர் 13614-சி என்ற விவரப் படிவத்தை நிரப்புகிறார். அதில் திருமண நிலை என்ற இடத்தில் 'மணமானவர்' என்று குறிக்கிறார். உண்மைதான். விவாகரத்து ஆகவில்லை. ஆனால் கணவர் வசந்த காலத்திலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். அதைப் பற்றி எழுத அவருக்கு மனம் இல்லை.

அனுபவம் இல்லாத ஒருவர் இதை அப்படியே மென்பொருளில் தட்டினால் 'மணமானவர், தனிக் கணக்கு' என்று போகும். வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் நிலையான கழிவு 14,600 டாலராகச் சுருங்கும், சலுகைகளுக்கு முந்தைய வரி 940 டாலராகும். ஈஐடிசியும் பெரும்பாலும் கைநழுவிவிடும். மென்பொருள் எச்சரிக்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தட்டியவர் தட்டியதுதான்.

பயிற்சி பெற்ற மாணவி அங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்பாள்: "ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் அவர் உங்களோடு இந்த வீட்டில் தங்கினாரா?"

கேள்வி எளிதாகத் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், பக்கத்து மேசையில் ஆள் இருக்கும்போது, குடும்பம் உடைந்த கதையைக் கேட்பது எளிதில்லை. குரலைத் தாழ்த்த வேண்டும். ஏன் கேட்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். விசாரணை மாதிரி இருக்கக் கூடாது. ஆண்டின் கடைசி ஆறு மாதமும் கணவர் அந்த வீட்டில் வசிக்கவில்லை, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் இவரே பார்த்துக்கொண்டார், பிள்ளைகள் பாதி ஆண்டுக்கு மேல் இவரோடுதான் இருந்தார்கள் என்றால் சட்டம் இவரை 'குடும்பத் தலைவர்' நிலைக்குக் கொண்டுபோகிறது. கழிவு 21,900 டாலராக உயர்கிறது. வரிக்கு உட்படும் தொகை 2,100 டாலர்தான், அதற்கு வரி சுமார் 210 டாலர். அதையும் குழந்தைகளுக்கான சலுகை அடித்துவிடுகிறது. மீதியுள்ள சலுகையில் 3,225 டாலர் பணமாகவே வருகிறது. ஈஐடிசி சுமார் 6,690 டாலர். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9,900 டாலர். சம்பளத்தில் பிடித்த வரி இருந்தால் அது தனியாகத் திரும்பி வரும். மாதம் 2,000 டாலர் சம்பாதிக்கும் ஒருவருக்கு இது கிட்டத்தட்ட ஐந்து மாதச் சம்பளம். நிலுவை வாடகை, பழைய காரின் ரிப்பேர், பல் டாக்டர் என்று தள்ளிப்போட்டதெல்லாம் அந்தத் தொகையை நம்பித்தான் காத்திருக்கும்.

இதே கேள்விக்கு அந்த அம்மா, "ஆகஸ்டில் திரும்பி வந்தார், இரண்டு மாதம் இருந்தார், மறுபடி போய்விட்டார்" என்று பதில் சொல்லியிருந்தால்? அப்போது குடும்பத் தலைவர் நிலை கிடையாது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதும் அதே மாணவிதான். "அந்த ரெண்டு மாசத்தை விட்டுடலாமே" என்று மனம் சொல்லும். எழுதக் கூடாது. தவறாகக் கேட்ட ஈஐடிசியைத் திரும்பக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். விதியை அலட்சியப்படுத்தியதாக ஐஆர்எஸ் கருதினால் இரண்டு ஆண்டு, மோசடி என்று கருதினால் பத்து ஆண்டு அந்தச் சலுகையையே கேட்க முடியாமல் போகும். இரக்கப்பட்டு எழுதிய ஒரு வரி அந்தக் குடும்பத்தைத்தான் தாக்கும். அதனால் மாணவி வேறு வழி தேடுவாள். கணவரோடு சேர்ந்து கூட்டுக் கணக்கு தாக்கல் செய்ய முடியுமா, அவர் சம்மதிப்பாரா, அது இவருக்குப் பாதுகாப்பானதா என்று பார்ப்பாள். அதுவும் சரிவராவிட்டால் சட்டம் அனுமதிப்பதை மட்டும் எழுதி, ஏன் குறைந்தது என்று விளக்குவாள்.

திறமை என்று எதைச் சொல்கிறோம்

இந்த நிகழ்வில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். விதி புத்தகத்தில் இருக்கிறது. கணக்கை மென்பொருள் போடுகிறது. எந்த இடத்தில் நிறுத்தி எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது மட்டும் மனிதர் கையில் இருக்கிறது. வீட்டா மேசையில் நல்ல பெயர் எடுக்கும் மாணவர்கள் வகுப்பில் முதலிடம் வாங்குபவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேச்சுக் கொடுக்கத் தெரிந்தவர்கள், சொல்லாததைக் காதில் வாங்கத் தெரிந்தவர்கள் அங்கே சிறக்கிறார்கள்.

"உங்களோடு யார் யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு முதலில் வரும் பதில் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் இருக்கும். தம்பி மகன் ஒரு வருடமாக இங்கேதான் தங்கிப் படிக்கிறான் என்பது மூன்றாவது கேள்வியில் வெளிவரும். வயதான தாயாரின் செலவை யார் பார்க்கிறார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள், மகள் கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறாளா என்றெல்லாம் பேச்சுவாக்கில் வரும். மகள் படிக்கிறாள் என்றால் கல்விச் சலுகை ஒன்று 2,500 டாலர் வரை இருக்கிறது, அதில் 1,000 டாலர் வரை வரியே இல்லாதவருக்கும் பணமாக வரும். வார இறுதியில் கார் ஓட்டிச் சம்பாதித்தேன் என்று ஒருவர் சொன்னால் அது சுயதொழில் வருமானம். அதற்கு வேறு கணக்கு, வேறு வரி. அந்தச் செய்தி சந்தோஷமானதாகவும் இருக்காது.

தாய்மொழி இங்கே எவ்வளவு பெரிய சொத்து என்பதைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கதையை யாரும் இரண்டாம் மொழியில் முழுசாகச் சொல்வதில்லை. அம்மாவின் அலுவலகக் கடிதங்களைச் சின்ன வயதிலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்த பிள்ளைகள் குடியேறிகள் வீடுகளில் நிறைய. அந்த வேலையை வணிகக் கல்லூரி பொதுவாகத் திறமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டாவில் அது நேரடியாக டாலராக மாறுகிறது, அதுவும் வேறொருவர் குடும்பத்துக்கு.

மாணவருக்கும் இதில் லாபம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பல கல்லூரிகள் இதற்குப் பாட மதிப்பெண் தருகின்றன. கணக்கியல் மாணவர் சங்கங்கள் இதைத் தங்கள் தொண்டுக் கணக்கில் எழுதிக்கொள்கின்றன. தணிக்கை நிறுவனத்தில் வேலைக்குப் போகும்போது நேர்காணலில் சொல்ல ஒரு கதை கிடைக்கிறது. வகுப்பில் 'அ என்பவர்' என்று வரும் உதாரணம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு வரிச் சட்டத்தின் பக்கங்கள் வேறு மாதிரி புரியும் என்றே நினைக்கிறேன்.

தவறுகளும் கடிவாளமும்

நல்ல எண்ணம் இருந்தால் கணக்குச் சரியாக வந்துவிடாது என்பதற்கு வீட்டாவின் சொந்த வரலாறே சாட்சி. 2000-களின் நடுவில் அரசுத் தணிக்கையாளர்கள் உதவி கேட்டு வந்தவர்களைப் போல உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான கணக்குகள் தப்பாக எழுதப்பட்டிருந்தன. பணம் வாங்கும் கடைகளைக் குறை சொல்லி ஆரம்பித்த நான் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இலவசம் என்பதற்காகத் தப்பு சின்னதாகிவிடாது.

அந்தச் சோதனைகளுக்குப் பிறகு பிடி இறுகியது. விவரப் படிவம் இல்லாமல் ஒரு கணக்கும் எழுதக் கூடாது. நேர்காணல் கட்டாயம். எழுதி முடித்ததும் இன்னொருவர், அதே அளவு தேர்ச்சி பெற்றவர், வந்தவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். எழுதியவரே சரிபார்ப்பது செல்லாது. கடைசியில் கணக்கு தாக்கல் செய்பவரிடம், இதில் உள்ள விவரங்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். நல்லெண்ணத்தோடு விதிக்கு உட்பட்டு வேலை செய்யும் தொண்டருக்கு 1997-ஆம் ஆண்டின் தொண்டர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது.

இன்னொரு கடிவாளம் எல்லை. வீட்டா எல்லாக் கணக்கையும் எடுக்காது. வீட்டை வாடகைக்கு விட்ட வருமானம், நஷ்டத்தில் ஓடும் சொந்தத் தொழில் போன்றவை பொதுவாக எல்லைக்கு வெளியே. இரண்டு மணி நேரம் காத்திருந்தவரிடம் "இதை எங்களால் எழுத முடியாது" என்று சொல்வது இருபது வயதுப் பையனுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். வகுப்பில் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருந்தால் இன்னும் கஷ்டம், தெரியும் என்று கை துறுதுறுக்கும். வாசலிலேயே கேட்டுப் பிரித்து அனுப்பும் ஆள் திறமையானவராக இருந்தால் இந்தச் சங்கடத்தில் பாதி குறைந்துவிடும். ஒரு தளத்தை நான் எடைபோட வேண்டுமானால் முதலில் அந்த வாசல் மேசையைத்தான் பார்ப்பேன்.

நம் ஊர் மாணவர்களும் இந்த மேசையும்

தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 விசாவில் மேல்படிப்புக்குப் போகும் மாணவர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் உள்ள வீட்டா தளங்கள் சிலவற்றில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனித் தேர்ச்சி பெற்ற தொண்டர்கள் இருப்பார்கள். எல்லாத் தளங்களிலும் இருக்க மாட்டார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

விஷயம் இதுதான். எஃப்-1 மாணவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு, வரிச் சட்டத்தின் கண்ணில், அங்கே வசிப்பவர் அல்ல. அவர் எழுத வேண்டியது வசிக்காதவர்களுக்கான 1040-என்ஆர் படிவம். ஒரு டாலர் சம்பாதிக்காவிட்டாலும் 8843 படிவத்தை அனுப்ப வேண்டும். நண்பன் சொன்னான் என்று, வசிப்பவர்களுக்கான பிரபல மென்பொருளில் உட்கார்ந்து சாதாரண 1040 படிவத்தைத் தாக்கல் செய்து, தனக்குத் தகுதியில்லாத கல்விச் சலுகையையும் வாங்கிவிடுவது பலர் விழும் குழி. பின்னால் திருத்தக் கணக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். விசா, கிரீன் கார்டு என்று வரும்போது அந்தப் பழைய பிழை மனசை உறுத்தும்.

மறுபக்கம், உரியதை விட்டுவிடுவதும் நடக்கிறது. வசிக்காதவர்களுக்குப் பொதுவாக நிலையான கழிவு கிடையாது. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு அதைத் தருகிறது. வளாகத்தில் உதவியாளர் வேலை பார்த்து 2024-இல் 14,000 டாலர் சம்பாதித்த ஓர் இந்திய மாணவருக்கு, 14,600 டாலர் கழிவு போக, மத்திய வரி பூஜ்யம். அந்தப் பிரிவு தெரியாமல் எழுதினால் 1,400 டாலருக்கு மேல் வரி. அந்த ஊரில் அது இரண்டு மூன்று மாத அறை வாடகை. அதே மாதிரி, இந்த ஐந்து ஆண்டுகளில் எஃப்-1 மாணவர் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) இரண்டுக்குமாக 7.65 சதவீதம் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் முதலில் முதலாளியிடமே திருப்பிக் கேட்க வேண்டும். அங்கே நடக்கவில்லை என்றால் ஐஆர்எஸ்ஸுக்கு எழுதலாம்.

ஒரு வருடம் இப்படி உதவி வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த வருடம் தேர்வு எழுதி மேசையின் அந்தப் பக்கம் உட்காருவதும் உண்டு. சம்பளமில்லாத் தொண்டு என்பதால் விசாவுக்கு அது பொதுவாக இடைஞ்சல் இல்லை. புதிதாக வந்து இறங்கிய ஜூனியரிடம் 21-ஆம் பிரிவைத் தமிழிலேயே விளக்க ஒரு சீனியர் கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும்.

எங்கே இடறுகிறது

மாணவர் உழைப்பில் நிற்கும் எந்த ஏற்பாட்டுக்கும் உள்ள பலவீனம் இதற்கும் உண்டு. நன்றாகப் பழகியவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒவ்வொரு குளிர்காலமும் புதிய முகங்களோடு மறுபடி முதலிலிருந்து பயிற்சி. அதனால் தளத்தின் அனுபவம் முழுக்க ஒருங்கிணைப்பாளர் ஒருவர் தலையில் குவிந்துவிடுகிறது. அவரும் மாறினால் அந்த ஆண்டு தடுமாற்றம்தான். இரண்டாம் ஆண்டிலேயே மாணவர்களை உள்ளே கொண்டுவந்து, மூன்றாம் ஆண்டில் எழுத வைத்து, நான்காம் ஆண்டில் சரிபார்ப்பவர்களாக ஆக்கும் கல்லூரிகள் இதைச் சமாளிக்க வாய்ப்பு அதிகம். கடைசி ஆண்டில் மட்டும் ஆள் எடுக்கும் கல்லூரிக்கு அது முடியாது.

காலமும் ஒத்துழைப்பதில்லை. ஜனவரி இறுதியில் தாக்கல் தொடங்குகிறது. ஈஐடிசி கேட்பவர்கள் முதல் நாளே வந்து நிற்பார்கள், ஆனால் 2015-இல் வந்த ஒரு சட்டத்தால் அவர்களுடைய ரீஃபண்ட் பிப்ரவரி நடுப்பகுதி வரை வெளியே வராது. மாணவர்களோ அப்போதுதான் செமஸ்டரைத் தொடங்கியிருப்பார்கள், புத்தகத்தைத் திறந்து பழகிக்கொண்டிருப்பார்கள். மார்ச்சில் விடுமுறை. தாக்கலுக்குக் கடைசித் தேதியான ஏப்ரல் 15 நெருங்கி வரிசை வாசலைத் தாண்டும்போது பருவத் தேர்வு.

ஏப்ரல் 15 முடிந்ததும் பெரும்பாலான மேசைகளை மடக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் ஆதங்கம். ரீஃபண்ட் வர வேண்டியவருக்கு அந்தத் தேதியோடு கதவு மூடுவதில்லை. தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டு வரை பழைய கணக்கை எழுதி அந்தத் தொகையைக் கேட்கலாம், வரி பாக்கி இல்லாதவருக்குத் தாமத அபராதமும் கிடையாது. வீட்டாவிலும் பழைய ஆண்டுகளின் கணக்கை எழுத அனுமதி உண்டு. மேலே பார்த்த அந்த அம்மா மூன்று ஆண்டாகத் தாக்கலே செய்யவில்லை என்று வைத்துக்கொண்டால், கிடப்பில் இருப்பது சுமார் முப்பதாயிரம் டாலர். மே மாதம் தேர்வு முடிந்து, கையில் நேரமும் தேர்ச்சியும் இரண்டுமே இருக்கும் மாணவர்கள் நான்கைந்து பேரை வைத்து, கோடை முழுக்க வாரம் ஒரு நாள் மேசையைத் திறந்து வைக்கும் தளங்கள் சில இருக்கின்றன. அங்கே வருகிறவர்களிடம் இந்த ஆண்டுக் கணக்கை முடித்த கையோடு மாணவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் தாக்கல் பண்ணினீங்களா?"